பழவேற்காடு ஒரு நாள் டிரிப்: பூநாரை பார்க்கலாம், நண்டு வாங்கலாம்... படகில் ஏறலாமா?

காலையில் சென்னையில் கிளம்பி, ஏரிக்கரையில் பறவை பார்த்து, மீன் வாங்கிக்கொண்டு, இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடலாம். வடக்கே சுமார் 60 கி.மீ. தூரத்தில்தான் இருக்கிறது பழவேற்காடு. கார் இல்லையா? கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் ஏறி, பொன்னேரியில் இறங்கி பஸ் பிடித்தால் போதும்.

இது ஏரியா, கடலா?

ரெண்டும் கலந்தது. முகத்துவாரம் வழியாகக் கடல் நீர் உள்ளே வரும், ஆரணி ஆறு நன்னீர் கொண்டுவரும். ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இதுதான். பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. பல இடங்களில் இடுப்பளவு தண்ணீர்கூட இருக்காது. பூநாரைகள் இங்கே வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

பூநாரை எப்போ வரும்?

நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல சீசன். தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் விட்டு, நாக்கால் நீரைப் பம்ப் அடித்து வெளியே தள்ளி, சிக்குகிற சின்ன உயிர்களை மட்டும் சாப்பிடும். இளஞ்சிவப்பு நிறம்கூட சாப்பாட்டில் இருந்து வருவதுதான். குஞ்சுகள் சாம்பல் நிறத்தில்தான் இருக்கும். கூழைக்கடா, உள்ளான் எல்லாம் கூடவே பார்க்கலாம். பைனாகுலர் இல்லாமல் போனால் தூரத்தில் வெறும் வெள்ளைக்கோடுதான் தெரியும்.

கூட்டமாகப் பார்க்க ஆசைப்படுபவர்கள் ஆந்திரா பக்கம் சூலூர்பேட்டைக்குப் போகலாம். அங்கிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலை ஏரிக்கு நடுவிலேயே ஓடுகிறது. ராக்கெட் தளத்தின் கேட் வந்ததும் வண்டியைத் திருப்பிக்கொள்ள வேண்டியதுதான்.

தூண்டில் எடுத்துட்டுப் போகலாமா?

தமிழகப் பகுதி 1980-ல் அறிவிக்கப்பட்ட பறவைகள் சரணாலயம். வனத்துறையிடம் கேட்காமல் தூண்டிலைப் போட்டுவிடாதீர்கள். இன்னொரு விஷயம், இங்கே மீன்பிடிப்பு பொழுதுபோக்கு கிடையாது. 'பாடு' என்று ஒரு பழைய முறை இருக்கிறது. எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை போடுவது என்று மீனவக் கிராமங்கள் தங்களுக்குள் முறைவைத்துப் பிரித்துக்கொள்கின்றன. இருளர் பெண்கள் வலையே இல்லாமல், சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கிறார்கள். பிடித்ததைப் போடும் ஓலைப்பையை வாயில் கவ்விக்கொண்டிருப்பார்கள். ஒரு மணி நேரம் கரையில் நின்று இதைப் பார்த்தாலே போதும், தூண்டில் ஞாபகமே வராது.

முகத்துவாரம் மணல் மேடிட்டு அடைபடும்போது இறால் வரத்து குறையும், படகுகளும் கடலுக்குப் போக முடியாது. மீனவர்களின் பல வருடப் பிரச்சினை இது. மடவை, இறால், களிநண்டு வாங்க நினைத்தால் காலையிலேயே போய்விடுங்கள். ஐஸ் பெட்டி அவசியம்.

படகு சவாரி போகலாமா?

வேண்டாம். 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் தினம். சுற்றிப் பார்க்க வந்தவர்கள் ஏறிய படகு கவிழ்ந்து 22 பேர் உயிரிழந்தார்கள். அளவுக்கு மீறிய ஆட்கள், லைஃப் ஜாக்கெட் இல்லை. அதன்பிறகு சுற்றுலாப் படகு சவாரிக்குத் தடை வந்தது. ஆனாலும் "ஒரு ரவுண்டு போலாமா சார்?" என்று யாராவது கேட்கக்கூடும். ஏரிதானே, ஆழம் இல்லையே என்று நினைக்க வேண்டாம். முகத்துவாரம் பக்கம் அலையும் நீரோட்டமும் கடல் மாதிரியே இழுக்கும். அரசு அனுமதி பெற்ற படகு, எல்லாருக்கும் லைஃப் ஜாக்கெட், இந்த ரெண்டும் இல்லாத படகில் குழந்தைகளோடு ஏறிடாதீங்க.

மதிய வெயிலில் என்ன செய்வது?

டச்சுக்காரர்களின் பழைய கல்லறைக்குப் போங்க. 1613-ல் அவர்கள் கட்டிய கெல்ட்ரியா கோட்டையில் இப்போது பார்க்க ஏதும் மிச்சமில்லை. கல்லறை மட்டும் தொல்லியல் துறை பாதுகாப்பில் இருக்கிறது. வாசலில் ரெண்டு எலும்புக்கூடு சிற்பங்கள் நிற்கும். சின்னப் பசங்க பயப்படலாம், முன்னாடியே சொல்லிக் கூட்டிட்டுப் போங்க.