யாருக்கு உரிமம்?
வீடு, மேஸ்திரி, சட்டம்: திருச்சியிலிருந்து சில குறிப்புகள்

2004 ஜனவரி 23. ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபம். மாடியில் போட்டிருந்த கீற்றுப் பந்தலில் தீப்பிடித்து மணமகன் உட்பட 50க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே ஆண்டு ஜூலை 16இல் கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகள். வழக்குகள் நடந்தன என்பது வேறு. ஆனால் பொதுப்புத்தியில் முதலில் கூண்டில் ஏறியது கீற்றுதான். ‘கூரையப் பிரிச்சாச்சு, பிரச்சினை தீர்ந்துச்சு’ என்றொரு சொல்லாடல் எளிதாக உருவாயிற்று. பொருளைத் தடை செய்யலாம். போடச் சொன்னவருக்கும் போட்டவருக்கும் கீழே உட்கார்ந்தவருக்கும் இடையிலான பொறுப்பு என்ன என்ற கேள்வி அப்படியே கிடந்தது.

மண்டபத்துக்காவது ஒரு சட்டம் உண்டு: 1965ஆம் ஆண்டின் தமிழ்நாடு பொதுக்கட்டடங்கள் உரிமச் சட்டம். நாம் குடியிருக்கும் வீட்டுக்கு? வரைபடம் போடுகிறவருக்கு மாநகராட்சி உரிமம் வேண்டும். கட்டுகிறவருக்கு வேண்டாம். அதே ஆள் பொதுப்பணித் துறையில் ஒரு மதகு கட்டப் போனால், வகுப்புவாரியாகப் பதிவு செய்துகொண்ட ஒப்பந்தக்காரராக இருந்தாக வேண்டும். அரசாங்கத்தின் சுவருக்கு ஒரு நியாயம், உறையூர்க்காரர் சுவருக்கு இன்னொரு நியாயம்.

இது தற்செயலான ஓட்டையல்ல. திருச்சி நகராட்சி 1866இல் உருவானது. காலனிய நகராட்சி வீட்டைத் தெருவில் நின்றுதான் பார்த்தது. சாக்கடை எங்கே போகிறது, திண்ணை சாலையில் நீட்டுகிறதா, வரி எவ்வளவு. 1920ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டமும் அந்தப் பார்வையின் வாரிசுதான். 1994இல் ஸ்ரீரங்கமும் பொன்மலையும் சேர்ந்து திருச்சி மாநகராட்சி ஆனபோது எல்லை விரிந்தது, பார்வை விரியவில்லை. சுவருக்குள் எத்தனை கம்பி, கலவையில் எத்தனை சட்டி மணல் என்பது ‘சொந்த விஷயம்’ ஆகவே நின்றது.

தொழிலாளர் சட்டங்கள் என்ன செய்தன? 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் ஒப்பந்தக்காரரிடம் உரிமம் கேட்டது உண்மை. ஆனால் 20 பேரோ அதற்கு மேலோ வைத்திருந்தால்தான். அது கேட்டதும் தலைக்கணக்கை; வேலை தெரியுமா என்பதை அல்ல. 1996ஆம் ஆண்டின் கட்டுமானத் தொழிலாளர் சட்டம் 10 பேர் என்று இறங்கி வந்தது; சொந்தக் குடியிருப்புக்காக 10 லட்சம் ரூபாய்க்குள் கட்டுகிறவரை விட்டுவிட்டது. 2020ஆம் ஆண்டின் தொகுப்புச் சட்டங்களில் ஒப்பந்தக்காரருக்கான வரம்பு 50 பேர், சொந்த வீட்டு விலக்கு 50 லட்சம் என்று ஏறிவிட்டது. 2016ஆம் ஆண்டின் மனைவணிகச் சட்டமோ 500 சதுர மீட்டர் அல்லது 8 வீட்டுக்கு மேலே போனால்தான் எட்டிப் பார்க்கும். திருவானைக்காவலில் ஒரு மேஸ்திரி, இரண்டு கொத்தனார், மூன்று சித்தாள் சேர்ந்து எழுப்பும் வீடு எந்த வலையிலும் சிக்காது. நம்மில் பலர் குடியிருப்பது அந்த வீட்டில்தான்.

‘அப்ப உரிமம் கொடுத்துட்டா சரியாயிடுமா?’ என்று கேட்கலாம். பாபிலோனில் ஹமுராபி, வீடு இடிந்து உடைமையாளர் செத்தால் கட்டியவனுக்கு மரணம் என்று எழுதிவைத்தான். கலிபோர்னியா 1929இலேயே ஒப்பந்தக்காரர் உரிமத்துக்கென்று ஓர் அலுவலகம் திறந்தது. ஆனால் 2014 ஜூன் 28இல் சென்னை மௌலிவாக்கத்தில் 11 மாடி சரிந்து 61 பேர் செத்தபோது, அந்தக் கட்டடத்துக்கு அனுமதித் தாள் இருந்தது. செத்தவர்களில் பெரும்பாலோர் கூலிகள். தாள் தூணைத் தாங்காது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. அறிவும் அதிகாரமும் ஒன்றையொன்று உற்பத்தி செய்கின்றன என்று பூக்கோ சொன்னதை இங்கே வைத்துப் பார்க்கலாம். பட்டம், வைப்புத்தொகை, ஆங்கிலப் படிவம் என்று உரிமம் வந்தால் ரசமட்டத்தையும் தூக்குக்குண்டையும் கையிலேயே வைத்திருக்கிற மேஸ்திரி ஒரே நாளில் ‘உரிமமற்றவர்’ ஆகிவிடுவார். வேலை அவருடையதாகவே இருக்கும். கையெழுத்து மட்டும் வேறொருவரிடம் வாடகைக்கு வரும். சித்தாளின் நிலை இன்னும் கீழே. இருபது வருஷம் கலவை சுமந்த பெண்ணின் கையில் கரண்டியைக் கொடுக்காத ஒரு தொழில், அவளுக்கு எந்த உரிமத்தைக் கொடுக்கப் போகிறது?

கட்டடத் தொழிலாளர்கள் வேறொரு பதிலை வைத்தார்கள். அவர்கள் சங்கம் கட்டிப் போராடியதன் பின்னணியில்தான் 1982ஆம் ஆண்டின் தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் வந்தது; 1994இல் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் வந்தது. அங்கே பதிவாகிறவர் முதலாளி அல்ல, சித்தாள். ‘யார் தகுதியானவர்’ என்று மேலிருந்து கேட்பதற்கு முன்னால் ‘யார் கட்டினார்கள்’ என்று கீழிருந்து கேட்ட பதிவு அது. அதன் போதாமைகள் நமக்குத் தெரியும். ஆனால் கேள்வி சரியானது.

ஆகவே நாம் கேட்க வேண்டியது கதவடைக்கிற உரிமம் அல்ல, பொறுப்பை எழுதிவைக்கிற உரிமம். சைட்டிலேயே, வேலை பார்த்தே தேறக்கூடிய தேர்வு, தமிழில். பெண்களுக்குக் கொத்தனார் பயிற்சி. வீட்டுக்காரர், பொறியாளர், மேஸ்திரி மூவரில் யார் எதற்குப் பொறுப்பு என்று அனுமதித் தாளிலேயே எழுதுவது.

ஸ்ரீரங்கம் கோயிலில் 600க்கு மேற்பட்ட கல்வெட்டுகள் இருக்கின்றன. நிலம் கொடுத்தவர், விளக்கு வைத்தவர் பெயரெல்லாம் அவற்றில் உண்டு. நூற்றாண்டுகளாக மொட்டையாக நின்ற ராயகோபுரம் 1987இல் 236 அடிக்கு எழுந்தது. அதற்குச் சாந்துச் சட்டி தூக்கியவர்களின் பெயர்கள் நமக்குத் தெரியாது. பெயரில்லாதவரிடம் கூலியைக் குறைக்கலாம். இடிந்தால் பழியையும் போடலாம். உரிமம் பற்றிய விவாதத்தை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.