லோட்டஸ்: தலைசிறந்த வண்டி எது என்னும் வழக்கு

லோட்டஸ், இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் ஹெத்தல் என்ற ஊரில் இயங்கும் ஸ்போர்ட்ஸ் கார் நிறுவனம். 1952இல் காலின் சாப்மன் இதைத் தொடங்கினார். ஃபார்முலா 1 பந்தயத்தில் ஏழு முறை தயாரிப்பாளர் பட்டம் வென்ற பெயர் இது. ஆனால் இந்தக் கட்டுரையின் பொருள் பந்தய வண்டிகள் அல்ல. சாதாரணச் சாலையில் ஓட்டுவதற்காக லோட்டஸ் விற்ற கார்களில் எது முதன்மையானது என்று அதன் அபிமானிகள் தலைமுறை தலைமுறையாக நடத்திவரும் வழக்கே இங்கே பேசப்படுகிறது.

மற்ற நிறுவனங்களைப் பற்றிய இத்தகைய வழக்குகளில் வேகமோ விலையோ அளவுகோலாகும். லோட்டஸ் அபிமானிகள் முதலில் கேட்பது எடையை. மிக வேகமான லோட்டஸ், மிக விலையுயர்ந்த லோட்டஸ் ஆகியவை இந்த வழக்கில் வென்றதே இல்லை எனலாம். திரும்பத் திரும்ப வரும் பெயர்கள் நான்கு: செவன், எலான், எஸ்பிரீ, எலீஸ். எலீட்டுக்கும் யூரோப்பாவுக்கும் சிறிய, ஆனால் விடாப்பிடியான கூட்டங்கள் உண்டு. இந்த ஆறு வண்டிகளின் பிறப்பையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். அபிமானிகள் உச்சியில் வைக்கும் வண்டிகள் பெரும்பாலும் நிறுவனத்தின் கையில் காசில்லாத நாட்களில் உருவானவை.

கொட்டகைக் காலம்

சாப்மன் 1928இல் பிறந்தவர். லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் கட்டுமானப் பொறியியல் படித்தார். பாலத்தையும் கூரையையும் கணக்கிடப் பயின்றவர் காரை எடைதாங்கும் ஒரு சட்டகமாகவே பார்த்தார். தேவையற்ற ஒவ்வொரு கம்பியும் அவர் கண்ணை உறுத்தியது. எஞ்சின் பலத்தைக் கூட்டினால் நேர்ச்சாலையில்தான் பலன், எடையைக் குறைத்தால் வளைவிலும் பிரேக்கிலும்கூடப் பலன் என்பது அவர் கொள்கை. அந்தக் கொள்கைக்கு வறுமையும் துணைநின்றது: பெரிய எஞ்சின் வாங்க அவரிடம் பணம் இல்லை.

பழைய ஆஸ்டின் செவன் ஒன்றைப் பிரித்து 1948இல் தன் முதல் வண்டியைக் கட்டினார். பின்னாளில் மனைவியான ஹேசல் வில்லியம்ஸ் கொடுத்த 25 பவுண்டு கடனில் நிறுவனம் தொடங்கியது. வடக்கு லண்டன் ஹார்ன்சியில், அவர் தந்தை நடத்திய மதுக்கடையின் பின்புறம் இருந்த பழைய குதிரை லாயம்தான் பட்டறை.

செவன்

1957இல் வந்த செவன், காருக்கு இருக்கவேண்டியவற்றில் பாதியைக் கழித்துவிட்டு மிச்சத்தை விற்ற வண்டி. குழாய்ச் சட்டகம், அலுமினியத் தகடு, நான்கு சக்கரம், ஃபோர்டின் 1172 சிசி எஞ்சின். கதவு என்று சொல்லத்தக்க கதவு கிடையாது. மொத்த எடை 500 கிலோவுக்கும் குறைவு.

இதன் வெற்றிக்குப் பொறியியலுக்கு நிகரான காரணம் வரிச்சட்டம். அன்றைய பிரிட்டனில் முழுக் காருக்குக் கொள்முதல் வரி உண்டு. உதிரிபாகமாக வாங்கி வீட்டில் பூட்டினால் இல்லை. வரியோடு 1,036 பவுண்டு ஆன வண்டி, பெட்டியில் அடைத்த பாகங்களாக 536 பவுண்டுக்குக் கிடைத்தது. பூட்டும் முறையை எழுதிக் கொடுக்கக் கூடாது என்று விதி இருந்ததால், பிரிக்கும் முறையை எழுதிக் கொடுத்து அதைத் தலைகீழாகப் படித்துக்கொள்ளச் சொன்னார்கள் என்றொரு கதை உண்டு. சாப்மனின் குணத்தோடு அது நன்றாகவே பொருந்துகிறது.

1973இல் மதிப்புக்கூட்டு வரி வந்ததும் இந்தச் சலுகை போனது. செவன் மீதான உரிமையை அதே ஆண்டு கேட்டர்ஹாம் நிறுவனம் வாங்கிக்கொண்டது. அந்த வண்டி இன்றும் புதிதாகக் கட்டப்படுகிறது. வழக்கில் செவன் கட்சிக்கு இது பலமும் பலவீனமும். வேறெந்த லோட்டஸும் இவ்வளவு காலம் வாழவில்லை என்கிறார்கள் அவர்கள். பெயர்ப்பலகையே மாறிவிட்ட வண்டியை எப்படி லோட்டஸ் கணக்கில் சேர்ப்பது என்று எதிர்க்கட்சி கேட்கிறது. 1972 வரை செய்தவற்றை மட்டும் எண்ணுவதுதான் நேர்மை என்று தோன்றுகிறது. அப்படி எண்ணினாலும் செவனின் இடம் சரியப்போவதில்லை.

எலீட்

செவன் வெளியான அதே 1957இல் லண்டன் கார் கண்காட்சியில் எலீட் காட்டப்பட்டது. இரண்டும் ஒரே பட்டறையின் வேலை என்று சொன்னால் நம்புவது கடினம். கணக்காளரான பீட்டர் கிர்வன்-டெய்லர் வரைந்த தொடக்க வடிவத்தை ஃபிராங்க் காஸ்டின் காற்றியக்க நோக்கில் திருத்தினார். காற்றுத்தடை எண் 0.29; அந்தக் காலத்துக்கு அது நம்பமுடியாத அளவு. இரும்புச் சேசிஸ் இல்லாமல், கண்ணாடி இழை உடலே முழுப் பாரத்தையும் தாங்கியது. கோவென்ட்ரி கிளைமாக்ஸ் 1216 சிசி எஞ்சினோடு லே மான் 24 மணிநேரப் பந்தயத்தில் தன் பிரிவை மீண்டும் மீண்டும் வென்றது.

அழகில் இதை மிஞ்சிய லோட்டஸ் இல்லை என்பதில் எதிர்க்கட்சிக்கும் மறுப்பில்லை. ஆனால் கதவு வளைவின் காரணமாக ஜன்னல் கண்ணாடியை இறக்க முடியாது, கழற்றி வைக்கத்தான் முடியும். உள்ளே இரைச்சல் காதைத் துளைத்தது. விற்ற ஒவ்வொரு வண்டியிலும் நிறுவனம் நட்டப்பட்டது. 1963இல் நிறுத்தியபோது ஆயிரத்துக்குச் சற்று மேற்பட்டவையே வெளிவந்திருந்தன.

எலான்

எலீட் பணப்பையில் வைத்த ஓட்டையை அடைக்கப் பிறந்தது எலான். ஃபோர்டிலிருந்து வந்த ரான் ஹிக்மன் இதை உருவாக்கினார். எலீட்டைப்போல் முழுக்கக் கண்ணாடி இழையில் திறந்த காரைக் கட்டுவது இழுபறியாக இருந்தது. சஸ்பென்ஷனைச் சோதிப்பதற்காகத் தற்காலிகமாக, முதுகெலும்பைப்போல் நடுவே ஓடும் ஓர் எஃகுச் சேசிஸைச் செய்தார்கள். அது எதிர்பார்த்ததைவிட உறுதியாகவும் மலிவாகவும் அமைந்துவிட, அதுவே நிலைத்தது. முன்புறம் எஞ்சினைத் தாங்கவும் பின்புறம் சக்கரங்களைப் பிடிக்கவும் கவட்டையாகப் பிரியும் இந்த அமைப்பு, அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு லோட்டஸின் அடையாளமாக நின்றது.

எஞ்சினும் அப்படித்தான். ஃபோர்டின் சாதாரண நான்கு சிலிண்டர் கட்டையின்மேல், ஹாரி மண்டி வடிவமைத்த இரட்டை கேம்ஷாஃப்ட் தலையைப் பூட்டினார்கள். 1558 சிசி, நூற்றைந்து குதிரைத்திறன் அளவு. முன்சக்கரப் பாகங்கள் டிரையம்ஃப் குடும்பக் காரிலிருந்து வந்தன. முகப்பு விளக்குகளை எஞ்சினின் வெற்றிடம் மேலே தூக்கிப் பிடித்தது. வெற்றிடம் கசிந்தால் விளக்கு மெல்லக் கண்மூடும். 1962இல் வண்டி வெளிவந்தபோது எடை 700 கிலோவைத் தொடவில்லை.

எலான் கட்சி முன்வைக்கும் முதல் வாதம் ஸ்டியரிங். மெல்லிய டயரும் லேசான முன்பாகமும் சேர்ந்து, சாலையின் ஒவ்வொரு சிறு மாற்றத்தையும் விரலுக்குக் கொண்டுவந்தன. சஸ்பென்ஷன் மென்மையானது, உடலோ உறுதியானது. ஸ்போர்ட்ஸ் கார் என்றால் முதுகு நோகவேண்டும் என்ற அன்றைய எண்ணத்தை அது பொய்யாக்கியது. மக்லாரன் எஃப்1 காரை வடிவமைத்த கார்டன் மரே, எலானின் ஸ்டியரிங்கைத் தன் காருக்குத் தர முடியவில்லையே என்று வருந்தியதை இவர்கள் வாய்ப்பு கிடைக்கும்போதெல்லாம் நினைவூட்டுவார்கள். உலகச் சாம்பியன் ஜிம் கிளார்க் பந்தயமில்லாத நாட்களில் எலான் ஓட்டினார். ‘தி அவெஞ்சர்ஸ்’ தொலைக்காட்சித் தொடரில் எம்மா பீல் ஓட்டியதும் எலான்தான். 1989இல் மஸ்தா எம்எக்ஸ்-5 வந்தபோது, அது எதை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது என்பதில் யாருக்கும் ஐயமில்லை.

குறைகளும் உண்டு. பின்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கடத்தும் ரப்பர் இணைப்புகள் முறுக்கிக்கொண்டு விடுபடுவதால், கிளட்சை முரட்டுத்தனமாக விட்டால் வண்டி குதிக்கும். சேசிஸ் துருப்பிடிக்கும். இன்று ஓடும் எலான்களில் பல, மாற்றுச் சேசிஸின் மேல் ஓடுபவை. 1971இல் வந்த ‘ஸ்பிரின்ட்’ 126 குதிரைத்திறன் கொண்டது. எலான் கட்சிக்குள்ளேயே அதுதான் உச்சமா, அதற்கு முந்தைய எளிய வண்டிகளா என்று ஓர் உட்பூசல் இருக்கிறது. 1973இல் உற்பத்தி நின்றது.

யூரோப்பா

1966இல் லோட்டஸ், இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் நின்ற ஹெத்தல் விமானத்தளத்துக்குக் குடிபெயர்ந்தது. அவ்வாண்டின் வண்டி யூரோப்பா: ரெனோ 16இன் எஞ்சினைத் திருப்பி இருக்கைக்குப் பின்னால் வைத்த கார். எஞ்சினை நடுவில் வைப்பது பெரும்பாலும் பந்தயத்திலும் பணக்காரர்களின் கார்களிலும் இருந்த காலம் அது. முதல் வகையில் இருக்கையை நகர்த்த முடியாது, பெடலைத்தான் நகர்த்தவேண்டும்; பின்னால் வருபவர் தெரியவே மாட்டார். 1971இல் எலானின் இரட்டை கேம் எஞ்சின் வந்தபின் வண்டி சீர்பட்டது. வளைவில் இதை நெருங்க எலானால் முடியாது என்பதே யூரோப்பா கட்சியின் ஒற்றை வாதம். பிரிட்டனைவிட ஜப்பானில் இதற்கு மவுசு அதிகம். 1975 முதல் இகேசாவா சடோஷி வரைந்த ‘சர்க்கிட் நோ ஓகாமி’ என்ற படக்கதையின் நாயகன் ஓட்டியது யூரோப்பா.

எஸ்பிரீ

கொள்முதல் வரி ஒழிந்து, பெட்டிப் பாகங்களின் சந்தை மறைந்ததும் சாப்மன் விலையுயர்ந்த கார்களின் பக்கம் திரும்பினார். இத்தாலியரான ஜியார்ஜெட்டோ ஜுஜாரோ 1972இல் டூரின் கண்காட்சிக்குச் செய்த ஆப்பு வடிவ மாதிரியே எஸ்பிரீ ஆனது. 1976இல் உற்பத்தி தொடங்கியது. 1977இல் ‘தி ஸ்பை ஹூ லவ்ட் மி’ படத்தில் கடலுக்குள் பாய்ந்து நீர்மூழ்கியாக மாறியபின், லோட்டஸ் என்ற பெயரே கேள்விப்படாதவர்களுக்கும் அந்த வெள்ளைக் கார் தெரிந்தது.

எஸ்பிரீயைப் பற்றிய வழக்கு பெரும்பாலும் நினைவுகளின் வழக்கு. சிறுவயதில் சுவரில் ஒட்டிய படத்துக்கு வாக்களிப்பவர்கள் எந்தத் தலைமுறையிலும் இருப்பார்கள். சாலையில் அதன் பிடிமானம் பெயர்பெற்றது, டர்போ எஞ்சின் 1980இல் வேகத்தையும் கொடுத்தது. ஆனால் 2004 வரை 28 ஆண்டுகள் அது நீடித்ததற்குக் காரணம் மாற்று வண்டி செய்யக் காசில்லாமை. மொத்தம் 10,675 வண்டிகள்தான். காசில்லாத நாட்களில்தான் சிறந்த வண்டிகள் பிறக்கும் என்ற மேற்சொன்ன விதி தடுமாறும் இடம் இது: வறுமை இங்கே புதுமையைக் கொடுக்கவில்லை, ஆயுளை மட்டும் கொடுத்தது.

பணம் வந்த காலம்

1982 டிசம்பர் 16 அன்று, 54 வயதில், சாப்மன் மாரடைப்பால் இறந்தார். 1986இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தை வாங்கியது. லோட்டஸ் வரலாற்றில் முதன்முறையாகப் பணத்துக்குப் பஞ்சமில்லை. 1989இல் எலான் என்ற பழைய பெயரில் புதிய வண்டி வந்தது: இசுசு டர்போ எஞ்சின், முன்சக்கர இயக்கம். சோதித்தவர்கள் அதன் பிடிமானத்தை வியந்து பாராட்டினார்கள். பிழை என்று சுட்ட எதுவும் பெரிதாக இல்லை. இருந்தும் 1992இல் உற்பத்தி நின்றது. மஸ்தா எம்எக்ஸ்-5 அதைவிடக் குறைந்த விலையில் பழைய எலானின் சுவையைத் தந்துகொண்டிருந்தது. பின்னர் இதன் உரிமை கொரியாவின் கியாவுக்குப் போனது. இன்று தலைசிறந்த லோட்டஸ் என்று இதற்குக் கைதூக்குபவர் அரிது.

அதே காலத்தின் லோட்டஸ் கார்ல்டன், வாக்ஸால் குடும்பக் காரில் 377 குதிரைத்திறனைத் திணித்தது. மணிக்கு 280 கிலோமீட்டரைத் தாண்டும் நான்கு கதவு வண்டி தேவையா என்று பத்திரிகைகள் கொதித்தன. 1993இல் அப்படியொன்றைத் திருடிய கும்பல் கடைகளை உடைத்துக் கொள்ளையிட்டபோது போலீஸ் கார்களால் துரத்திப் பிடிக்க முடியவில்லை. புகழுக்குக் குறைவில்லை, ஆனால் ஒன்றரை டன்னைத் தாண்டிய எடையே வழக்கிலிருந்து அதை விலக்கிவிடுகிறது.

எலீஸ்

1993இல் நிறுவனம் புகாட்டியை நடத்திவந்த ரோமானோ அர்தியோலியின் கைக்கு மாறியது. புகாட்டியே திவாலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. இந்த நெருக்கடியில் சிறிய குழு ஒன்று செய்த வண்டிக்கு அர்தியோலியின் பேத்தி எலீசாவின் பெயரையொட்டி எலீஸ் என்று பெயரிட்டார்கள். 1995இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் காட்டி, 1996இல் விற்கத் தொடங்கினார்கள்.

ரிச்சர்ட் ராக்கம் வடிவமைத்த சேசிஸ்தான் இதன் உயிர். அச்சில் பிதுக்கியெடுத்த அலுமினியத் துண்டுகளைப் பற்றவைக்காமல் பசையால் ஒட்டினார்கள். சேசிஸின் எடை 68 கிலோ; முழு வண்டி ஏறத்தாழ 725. ரோவரின் 1.8 லிட்டர் எஞ்சினிடம் இருந்த 118 குதிரைத்திறனே அந்த எடைக்குத் தாராளமாகப் போதும். உள்ளே அலுமினியம் அப்படியே வெளியே தெரியும், கம்பளம் கிடையாது. மிச்சப்படுத்தலையே அழகாக்கிய வண்டி.

எலான் கட்சிக்கு நிகராக நிற்பது எலீஸ் கட்சி ஒன்றே. அதற்குள்ளும் பிளவு உண்டு. ரோவர் எஞ்சின் லேசானது, ஆனால் ஹெட் கேஸ்கெட் போகும். 2004இல் வந்த டொயோட்டா எஞ்சின் நம்பகமானது, நிமிடத்துக்கு 8,000 சுற்றைத் தொடும். வண்டியின் எடையோ கூடிவிட்டது. என் கணிப்பில், ஓட்டும் சுகத்தில் எலானுக்கும் முதல் எலீஸுக்கும் இடையே உள்ள தூரம் மிகக் குறைவு. ஆனால் எலான் அன்று கிடைத்த பாகங்களைக் கெட்டிக்காரத்தனமாகச் சேர்த்தது, எலீஸ் சேசிஸ் கட்டும் முறையையே மாற்றியது. டெஸ்லாவின் முதல் காரான ரோட்ஸ்டர் எலீஸின் அடித்தளத்தில் பிறந்தது, அதன் சேசிஸும் உடலும் ஹெத்தலில்தான் சேர்க்கப்பட்டன. அதனால் என் வாக்கு எலீஸுக்கு. 2021 வரை 35,000க்கு மேல் விற்று நிறுவனத்தை உயிரோடு வைத்திருந்ததும் அதுவே.

இன்றைய நிலை

மலேசியாவின் புரோட்டானிடம் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்த லோட்டஸ், 2017இல் சீனாவின் ஜீலி வசமானது. 2022இல் காட்டப்பட்ட எலெட்ரே, வூஹானில் செய்யப்படும் மின்சார எஸ்யூவி. எடை இரண்டரை டன்னை நெருங்குகிறது. பழைய அபிமானிகளில் ஒரு சாரார் அதை எண்ணிக்கையிலேயே சேர்ப்பதில்லை. ஹெத்தலில் செய்யப்படும் எமீரா பெட்ரோல் கார். எடை 1,400 கிலோவுக்கு மேல், அதாவது முதல் எலீஸின் ஏறத்தாழ இரு மடங்கு. இருந்தும் டொயோட்டா வி6 எஞ்சினும் கையால் மாற்றும் கியரும் உள்ள வகைக்கு வழக்கில் ஒரு கட்சி சேர்ந்துவருகிறது.