ஆட வர்றீங்களா? - கன்ட்ரி டான்ஸும் நம்ம கரிநாள் கும்மியும்

கிராமிய ஆட்டம்னு சொன்னா நமக்கு கரகம், காவடி, பொய்க்கால் குதிரைன்னு வரிசையா ஞாபகம் வரும். எல்லாமே நாம நின்னு பார்க்கிற ஆட்டம். பார்க்கிறதுக்குன்னு இல்லாம, கூட சேர்ந்து ஆடறதுக்குன்னே இருக்கிற ஆட்டம் வேற ஜாதி. கும்மி, கோலாட்டம் எல்லாம் அந்த வகை. இங்கிலீஷ்காரங்க கிட்டயும் அப்படி ஒண்ணு இருக்கு, பேரு கன்ட்ரி டான்ஸ். அதோட மெட்டு நம்ம ஊருக்கு வந்து 200 வருஷத்துக்கு மேல ஆச்சு, ஆட்டம் மட்டும் வரல. ஏன்னு யோசிச்சப்போ கதை சுத்தி வளைச்சு எங்க திண்டிவனம் பக்கமே வந்து நின்னுடுச்சு. அதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க மக்களே :-)

1651-ல் லண்டன்ல ஜான் பிளேஃபோர்டுன்னு ஒரு பதிப்பாளர் 'தி இங்கிலீஷ் டான்சிங் மாஸ்டர்'னு ஒரு புத்தகம் போட்டார். 105 ஆட்டம், ஒவ்வொண்ணுக்கும் மெட்டு, எப்படி நகரணும்னு ரெண்டு மூணு வரி குறிப்பு. அப்போ நம்ம ஜார்ஜ் கோட்டைக்கு வயசு 11 தான். அந்தப் புத்தகம் 1728 வாக்குல வரைக்கும் திரும்பத் திரும்ப அச்சாச்சு. 1995-ல் பிபிசி எடுத்த 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' தொடரைப் பார்த்தவங்களுக்கு இந்த ஆட்டம் தெரியும். டார்சியும் எலிசபெத்தும் முறைச்சுக்கிட்டே ஆடுவாங்களே, அதுதான். (நம்ம 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' கூட அதே ஜேன் ஆஸ்டினோட இன்னொரு நாவல்தான், 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி'.)

பொட்டி தட்டுற வேலைக்கு ஆன்சைட்னு இங்கிலாந்துல எட்டு மாசம் இருந்தேன். அந்த ஊர்ல மாசம் ரெண்டு சனிக்கிழமை ஒரு சர்ச் ஹால்ல இந்த ஆட்டம் நடக்கும். ஜோடி இல்லாம தனியா போகலாம், முன்னப்பின்ன தெரிஞ்சிருக்கணும்னு அவசியமில்ல. வயலின், புல்லாங்குழல், பியானோன்னு மூணு பேர் நேரடியா வாசிப்பாங்க. 'காலர்'னு ஒருத்தர் நின்னு அடுத்த அசைவு என்னன்னு முன்கூட்டியே சொல்லிக்கிட்டே இருப்பார். முதல்ல இசை இல்லாம ஒரு தடவை எல்லாரையும் நடக்க விடுவார், அப்புறம்தான் பாட்டு.

ரெண்டு நீள வரிசையா எதிரெதிரா நிப்போம். முதல் ஜோடி ரெண்டாவது ஜோடியோட ஆடும். ஒரு சுத்து முடிஞ்சா இவங்க ஒரு இடம் கீழே, அவங்க ஒரு இடம் மேல. அடுத்த சுத்துல எதிர்ல வேற ஆளு. நம்ம பாஷையில சொன்னா ஒரு ஃபார் லூப், ஒவ்வொரு சுத்துக்கும் இண்டெக்ஸ் ஒண்ணு கூடும். பாட்டு போதுமான நேரம் ஓடினா ஹால்ல இருக்கிற கிட்டத்தட்ட எல்லாரோட கையையும் பிடிச்சிருப்போம். 70 வயசு தாத்தா, காலேஜ் பொண்ணு, தபால் ஊழியர், நான். இன்னொண்ணும் கவனிச்சேன். நாலு சுத்து ஆனதும் காலர் வாயை மூடிப்பார். வாசிக்கிறவங்க ஆடறவங்களைப் பார்த்துக்கிட்டே வாசிப்பாங்க. வரிசை தடுமாறினா தாளம் கொஞ்சம் தளரும், எல்லாரும் சூடு பிடிச்சா ஏறும்.

சரி, இந்த மெட்டு நம்ம ஊருக்கு எப்படி வந்துச்சு? மணலி வேங்கடகிருஷ்ண முதலியார்னு ஒரு துபாஷ், கும்பினிக்காரங்க கூட நல்ல பழக்கம் உள்ளவர். ராமசுவாமி தீட்சிதர் குடும்பத்தை ஆதரிச்சவர். 18-ம் நூற்றாண்டு கடைசியில அந்தக் குடும்பம் மணலியில இருந்தப்போ, பிள்ளைங்க கோட்டை பேண்டு வாசிப்பைக் கேக்கிற வாய்ப்பு இவர் மூலமா கிடைச்சது. தம்பி பாலுசுவாமி வயலின் கத்துக்கிட்டு அதைக் கர்நாடக சங்கீதத்துக்குள்ள கொண்டு வந்தார். அண்ணன் முத்துசுவாமி தீட்சிதர் (1775-1835) கேட்ட மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்துல சாகித்யம் எழுதினார். அதுதான் நோட்டுஸ்வரம். சுமார் 40 இருக்கும். தெலுங்கு அகராதி போட்ட சி.பி.பிரவுன் 1830களிலேயே இதுல சிலதை ஏட்டில் ஏத்தி வச்சார்.

'சந்ததம் பாஹிமாம்' பிரிட்டிஷ் ராஜாவை வாழ்த்தற பாட்டோட மெட்டு. 'ஜகதீச குருகுஹ' ஒரு ஸ்காட்லாந்து ஆட்ட மெட்டு. 'கமலாசன வந்தித' மெட்டு 'கேலப்பீட்'ங்கற கன்ட்ரி டான்ஸ், இன்னிக்கும் ஆடறாங்க. எனக்கு ரொம்பப் பிடிச்சது 'சக்தி சஹித கணபதிம்'. அதுக்கு மூலமா சொல்ற பிரெஞ்சுப் பாட்டோட தலைப்புக்கு அர்த்தம் என்ன தெரியுமா? "ஆட வர்றீங்களா, மேடம்?" :-) கூப்பிட்ட மேடம் வரல, பிள்ளையார் வந்துட்டார்!

தீட்சிதர் செஞ்சது பெரிய காரியம், அதுல சந்தேகமே இல்ல. ஆனா ஆட்டம் ஏன் கூடவே வரல? மெட்டு காத்துல வரும், கோட்டைச் சுவரைத் தாண்டும். ஆட்டத்துக்கு உள்ள போகணும், கையைப் பிடிக்கணும். 1802-ல் எட்வர்ட் கிளைவ் விருந்து மண்டபம் கட்டினார், இப்போ ராஜாஜி ஹால். அங்க நடந்த ஆட்டம் துரைமாருக்கும் துரைசானிகளுக்கும். நம்ம பக்கமும் அயலான் கையைத் தொட்டு ஆண் பெண் சேர்ந்து ஆடறதுங்கற பேச்சே கிடையாது. அதனால மெட்டு பாடகர் கிட்ட போய், கேக்கிற பாட்டா ஆயிடுச்சு. சேர்ந்து ஆடற வேலைக்கு நம்ம கிட்ட ஏற்கனவே வேற சரக்கு இருந்தது.

எங்க ஊர் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவுல ஒரு கிராமம். கரிநாள் (காணும் பொங்கல்) சாயங்காலம் கும்மி. ஒருத்தர் முன்பாட்டு, மத்தவங்க வாங்கிப் பாடணும். குனிஞ்சு ஒரு தட்டு, நிமிர்ந்து ஒரு தட்டு, வட்டம் நகரும். ரெண்டு சுத்து பார்த்தா யாரும் சேர்ந்துடலாம். எங்க ஆயா காலத்துல முன்பாட்டு பாடறவங்க வேணும்னே வேகத்தைக் கூட்டி இளசுகளை மூச்சு வாங்க வைப்பாங்களாம். இப்பவும் கரிநாள் நடக்குது. ஆனா முன்பாட்டுக்குப் பதிலா ஒலிபெருக்கி. அது யாருக்கும் காத்திருக்காது, யாரைப் பார்த்தும் வேகம் மாத்தாது. நாலு பசங்க ஆடறாங்க, மிச்ச ஊரு செல்போன்ல படம் பிடிக்குது.

இங்கிலீஷ்காரங்களும் இந்த இடத்துல நின்னவங்கதான். வால்ட்ஸ், போல்கான்னு புதுசு வந்து 19-ம் நூற்றாண்டுல பழைய ஆட்டம் மங்கிடுச்சு. 1899 டிசம்பர் 26-ந்தேதி ஆக்ஸ்ஃபோர்டு பக்கத்துல ஹெடிங்டன்ல சில கிராமத்து ஆளுங்க மாரிஸ் ஆடிக்கிட்டு வந்ததை செசில் ஷார்ப்னு ஒரு இசை ஆசிரியர் பார்த்தார். வில்லியம் கிம்பர்னு ஒருத்தர் வாசிச்ச மெட்டை எழுதி வாங்கினார். 1909-ல் கிராமங்கள்ல மிச்சம் இருந்த கன்ட்ரி டான்ஸைப் புத்தகமா போட்டார். 1911-ல் பிளேஃபோர்டு ஆட்டங்களைப் படிச்சு அடுத்த பாகம், அதே வருஷம் ஒரு சங்கம். பிளேஃபோர்டு குறிப்புல விடுபட்டதை ஷார்ப் ஊகிச்சுத்தான் நிரப்பினார். அதனால இன்னிக்கு ஆடறது அச்சு அசல் பழசு இல்ல. ஆனா ஆடறாங்க. சனிக்கிழமை தேதி குறிச்சு, ஹால் பிடிச்சு, வாசிக்க ஆள் வச்சு. எனக்கு முக்கியமா பட்டது அதுதான்.

நம்ம பக்கம் கும்மி செத்துடுச்சுன்னு சொல்ல வரல. சித்திரை மாசம் கூவாகம் போய்ப் பாருங்க. ரொம்ப நாள் விழுப்புரம் மாவட்டம், 2019-லிருந்து கள்ளக்குறிச்சி. நாட்டோட பல மூலையிலிருந்தும் திருநங்கைகள் விழுப்புரம் லாட்ஜுகள்ல வந்து தங்கி, கூத்தாண்டவர் கோயில்ல தாலி கட்டிக்கிட்டு, ராத்திரி எரியற கற்பூரத்தைச் சுத்திக் கும்மி அடிப்பாங்க. பாஷை தெரியாதவங்க, அன்னிக்குத்தான் முதல் தடவை பார்த்துக்கிட்டவங்க, எல்லாரும் ஒரே வட்டம். மறுநாள் காலையில அரவான் களப்பலி, தாலி அறுப்பு, ஒப்பாரி. மத்த நாள்ல வாடகைக்கு வீடு கூட கிடைக்காதவங்க, வட்டம்னா என்னன்னு நமக்குக் காட்டறாங்க. நம்ம ஊர்ப் பெரிய மனுஷங்க சுத்தி நின்னு வேடிக்கை பார்க்கிறாங்க.

இப்போதைக்கு நான் செஞ்சிருக்கறது இவ்வளவுதான். ஆயாவைப் பாட வச்சு 11 பாட்டு பதிவு பண்ணியிருக்கேன். ஆயாவுக்கு 81 வயசு, நடுவுல இருமல் வரும், அதையும் வெட்டல. எந்த வரியில குனியணும், எங்க திரும்பணும்னு கேட்டு நோட்டுல எழுதறேன். வர்ற கரிநாளுக்கு ஒலிபெருக்கியை ஒரு மணி நேரம் நிறுத்தச் சொல்லிக் கேட்டிருக்கேன். தம்பி முறை ஒருத்தன் பம்பை அடிக்கிறேன்னு சொல்லியிருக்கான். முன்பாட்டுக்கு ஆயா, அவங்களுக்கு மூச்சு வாங்கினா எங்க பெரியம்மா. "ஆம்பளைப் பசங்களும் சேரலாமா?"ன்னு கேட்டேன். "கை இருக்குதில்ல, தட்டு"ன்னுட்டாங்க.

உங்க ஊர்ப் பக்கம் கும்மி இன்னும் பாட்டோட நடக்குதா, செட்டு போட்டு நடக்குதா? தெரிஞ்சா எழுதுங்க. அந்தத் தேதியில திண்டிவனம் பக்கம் வர்றவங்க எட்டிப் பாருங்க. எட்டிப் பார்த்தா மட்டும் போதாது, சேர்ந்து ஆடணும் :-)