அரமும் ஆப்பும்

சரித்திரம் என்றதும் நமக்குக் கோட்டையும் கொத்தளமும்தான் நினைவுக்கு வருகின்றன. நாஞ்சில் நாட்டுச் சைக்கிள் கடையின் அரத்தூளிலும் ஒரு சரித்திரம் கிடக்கிறது என்று நான் சொன்னால் வாசகர்கள் சிரிக்கக்கூடும்.

பழைய சைக்கிளில் பெடலைத் தாங்கும் கைக்குக் கிராங்கு என்று பெயர். அதை அச்சோடு பிணைப்பது காட்டர் பின் என்ற சின்ன ஆப்பு. பார்வைக்கு இது மாட்டுவண்டிக் கடையாணிக்குத் தாயாதி, வேலையோ நேர்மாறு. கடையாணி, சக்கரத்தைக் கழன்றோடாமல் காக்குமே தவிர அதன் சுழற்சியைத் தடுக்காது. காட்டர் பின், கிராங்கையும் அச்சையும் சேர்ந்தே சுழல வைக்கும். அதன் சரிவான முகம், அச்சில் வெட்டிய பள்ளத்தில் முழுக்கப் படியவேண்டும். புதிய ஆப்பு பல சமயம் அப்படிப் படிவதில்லை. அரத்தால் ராவத்தான் வேண்டும். ஒரு பக்கம் சற்று அதிகம் ராவிவிட்டாலும் இரண்டு கிராங்கும் நேர்கோட்டில் நில்லாமல் மிதி நொண்டும்.

அரத்துக்கு அடங்காத சங்கதி ஒன்றும் இருந்தது. அது மரை. 1841லேயே ஜோசப் விட்வொர்த் இங்கிலாந்துக்குப் பொதுவான மரைக் கணக்கை முன்மொழிந்தார். ஆயினும் பிற்காலத்தில் நாட்டிங்ஹாமின் ராலே கம்பெனி, அச்சைத் தாங்கும் கப்புக்கு அங்குலத்துக்கு 26 மரை வைத்தது. மற்றப் பல ஆங்கிலக் கம்பெனிகள் 24 வைத்தன. இரண்டும் கண்ணுக்கு ஒரே அளவு. மாற்றிப் போட்டால் ஓரிரு சுற்று போகும், பிறகு பிடித்துக்கொள்ளும். மல்லுக்கட்டினால் சட்டத்தின் மரையே பாழ்.

சுதந்திரத்துக்குப் பின், 1949ல் சென்னையில் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் ஹெர்குலிஸ் சைக்கிளைத் தயாரித்தது. அசன்சோலில் சென்-ராலே தொழிற்சாலை வந்தது. திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்த நாகர்கோயில், 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. எல்லை மாறிற்று, பழைய சைக்கிளின் மரை மாறவில்லை.

மீன் கூடையோ பால் பாத்திரமோ கட்டிப் பிழைத்தவனுக்குச் சைக்கிளின் சட்டம் போனால் பிழைப்பே போயிற்று. ஆகவே கடைக்காரரின் அரம் ஓட்டும் திறமையைவிட, 'இது சேராது, வேறு கப்பு தேடு' என்று கையை எடுக்கும் விவேகத்தையே நான் பெரிதாக மதிக்கிறேன். சதுர முனை அச்சுகள் பரவி ஆப்புக்கு வேலை குறைந்துவிட்ட இந்நாளிலும், ராவிச் சேர்க்கத் தக்கது எது, விட்டுவிடத் தக்கது எது என்ற கேள்வி மனிதர்களுக்குக் குறையவில்லை.