கொப்பித்தாளில் அச்சான செய்தி: யாழ்ப்பாண இதழ்களும் போர்க்காலக் கல்வியும்

இலங்கையின் வடபகுதியில் போர் பள்ளிகளை எவ்வாறு பாதித்தது என்பதை அறிய, அக்காலத்து நாளிதழ்களே முதன்மையான சான்றுகள். ஆனால் அந்த இதழ்களும் பள்ளிகளைப் போலவே பாதுகாப்பின்றி இருந்தன. எனவே அவற்றில் வந்த செய்தியைப் படிக்கும்போது, வராமற்போன செய்தியையும் சேர்த்தே நோக்க வேண்டியுள்ளது.

1981ஆம் ஆண்டு மே மாத இறுதியில் யாழ்ப்பாணத்தில் மூண்ட வன்முறையில் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் அழிந்தன. மாணவர்களும் ஆய்வாளர்களும் நாள்தோறும் பயன்படுத்திய நூலகம் அது. அதே வன்முறையில் ஈழநாடு நாளிதழின் அலுவலகமும் தீக்கிரையானது. 1959இல் தொடங்கப்பட்டு யாழ்ப்பாணத்திலிருந்தே வெளிவந்த இதழ் ஈழநாடு. நூலகம் எரிந்த செய்தியை ஊருக்குச் சொல்லியிருக்க வேண்டிய அச்சகம், அந்த நாள்களில் தானே சாம்பலாகிக் கிடந்தது.

1990இல் போர் மீண்டும் தொடங்கியபின் குடாநாட்டின் மீது பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டது. மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் விலை பன்மடங்கு ஏறியதால், மாணவர்கள் ஜாம் போத்தலில் திரியிட்ட சிறு விளக்கொளியில் தேர்வுக்குப் படித்தனர். பத்திரிகைத் தாளும் கிடைக்காதபோது, 1985இல் தொடங்கிய உதயன் நாளிதழ் கோடிட்ட கொப்பித்தாளில் அச்சாகி வெளிவந்தது. கொப்பி என்பது ஈழத்தில் பள்ளிக் குறிப்பேட்டுக்கு வழங்கும் பெயர். மாணவர் எழுத வேண்டிய தாளிலேயே ஊர்ச் செய்தியும் அச்சேறியது என்பதைவிட அக்காலத் தட்டுப்பாட்டுக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

இதழ்களுக்கு நெருக்கடி அரசிடமிருந்து மட்டும் வரவில்லை. 1990 முதல் 1995 வரை யாழ்ப்பாணம் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. பள்ளி வயதுச் சிறுவர்கள் இயக்கத்தில் சேர்க்கப்பட்டதை விமர்சித்து எழுத அங்குள்ள இதழ்களால் இயலவில்லை. அதனைப் பதிவு செய்தோரில் முக்கியமானவர்கள் மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர் அமைப்பினர். அதன் நிறுவனர்களுள் ஒருவரும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உடற்கூற்றியல் துறைத் தலைவருமான ராஜனி திராணகம 1989 செப்டம்பர் 21 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார்.

செய்திக்கும் கல்விக்கும் உள்ள உறவை மிகக் கடுமையாகக் காட்டும் நிகழ்வு நாகர்கோவிலில் நடந்தது. தமிழ்நாட்டு வாசகர் குமரி மாவட்டத்து நகரத்தை எண்ணிவிடக் கூடாது. இது வடமராட்சி கிழக்கில் உள்ள கடலோரச் சிற்றூர். 1995 செப்டம்பர் 21 அன்று அரசு, போர்ச் செய்திகளுக்கு முன்தணிக்கையை நடைமுறைப்படுத்தியது. மறுநாள் நண்பகலில் விமானப்படை வீசிய குண்டுகள் நாகர்கோவில் மகா வித்தியாலயப் பகுதியில் விழுந்தன. கொல்லப்பட்டோரில் 21 பேர் மாணவர்கள் என நினைவுநாள் செய்திகள் குறிப்பிடுகின்றன. தணிக்கை நடப்பில் இருந்ததால், மறுநாளே நாடு முழுவதும் தலைப்புச் செய்தியாகியிருக்க வேண்டிய இந்நிகழ்வைத் தென்னிலங்கை வாசகர் தம் நாளிதழ்களில் முறையாக அறிய வழியில்லாமற் போனது. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் வழியாகவே செய்தி வெளியுலகை எட்டியது.

அடுத்த மாத இறுதியில் யாழ்ப்பாணத்து மக்கள் இலட்சக்கணக்கில் இடம்பெயர்ந்தனர். பள்ளிகளும் பல்கலைக்கழகமும் அவர்களோடு கலைந்தன.

2006இலும் ஏறத்தாழ இதே நிலை திரும்பியது. மே 2 அன்று, உலகப் பத்திரிகைச் சுதந்திர நாளுக்கு முந்தைய மாலையில், உதயன் அலுவலகத்தில் ஆயுததாரிகள் புகுந்து சுட்டதில் ஊழியர் இருவர் இறந்தனர். ஆகஸ்டில் ஏ-9 நெடுஞ்சாலை மூடப்பட்டதும் தாள் தட்டுப்பாடு மீண்டும் வந்து பக்கங்கள் குறைந்தன. அதே மாதம் 14ஆம் நாள் முல்லைத்தீவு மாவட்டத்துச் செஞ்சோலை வளாகத்தில் குண்டுகள் விழுந்து மாணவிகள் பலர் உயிரிழந்தனர். இறந்தோர் புலிகளின் பயிற்சியாளர்கள் என்றது அரசு. பயிற்சி நெறிக்கு வந்த பள்ளி மாணவிகள் என்றது யுனிசெஃப்.

நாகர்கோவில் பள்ளியில் ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 22 அன்று நினைவு நிகழ்வு நடைபெறுகிறது. 1995இல் தணிக்கைக்கு உட்பட்ட அச்செய்தியை யாழ்ப்பாண இதழ்கள் இன்று மாணவர்களின் படங்களோடு வெளியிடுகின்றன.