தட்டு முந்த, கன்ட்ரோலர் பிந்த

1983இல் வந்த ஐபிஎம் பிசி எக்ஸ்டி கணினியில் 10 மெகாபைட் ஹார்ட் டிஸ்க் இருந்தது. அதன் தட்டு நிமிடத்துக்கு 3,600 சுற்று சுழன்றது. ஒரு ட்ராக்குக்கு 17 செக்டர், ஒரு செக்டருக்கு 512 பைட். கணக்குப்படி நொடிக்கு 510 கிலோபைட் கிடைத்திருக்க வேண்டும். கிடைத்ததோ 85தான். தட்டில் ஒரு குறையும் இல்லை. மதர்போர்டில் செருகிய கன்ட்ரோலர் அட்டைதான் அதற்கு ஈடுகொடுக்கவில்லை.

படித்த செக்டரைச் சரிபார்த்து நினைவகத்துக்கு அனுப்புவதற்குள், அடுத்த செக்டர் படிக்கும் தலையைக் கடந்துவிடும். ராட்டினத்தில் ஏறத் தவறியவர் மாதிரி, அது மீண்டும் வர ஒரு முழுச் சுற்று காத்திருக்க வேண்டும். அதனால் செக்டர்களை அடுத்தடுத்து வைக்காமல் இடைவெளி விட்டு எண்ணிட்டார்கள். இதுதான் இன்டர்லீவ். எக்ஸ்டியில் அது 6:1. ட்ராக்கைச் சுற்றி வந்தால் 1, 4, 7, 10, 13, 16, 2, 5, 8 என்று எண்கள் தாவித் தாவிப் போகும். ஒரு ட்ராக்கைப் படித்து முடிக்க ஆறு சுற்று ஆகும்.

1984இல் வந்த ஐபிஎம் ஏடி கணினியில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் கன்ட்ரோலரோடு இன்டர்லீவ் 3:1 ஆனது. தட்டின் சுழற்சி அதே 3,600தான். வேகம் மட்டும் இரட்டிப்பாகி 170 கிலோபைட் ஆனது. ஆனால் ஆசைப்பட்டு இன்டர்லீவை அளவுக்கு மீறிக் குறைத்தால் வினைதான். செக்டருக்கு ஒரு சுற்று வீணாகி, வேகம் 30 கிலோபைட்டுக்குச் சரியும். எந்தக் கன்ட்ரோலருக்கு எந்த விகிதம் பொருந்தும் என்று அளந்து, தகவல் அழியாமல் தட்டை மாற்றி எழுதிக் கொடுத்தே ஸ்டீவ் கிப்சனின் ஸ்பின்ரைட் மென்பொருள் பெயர் வாங்கியது.

1986இல் காம்பேக் கணினிகள் வழியாக ஐடிஇ என்ற இணைப்பு முறை வந்தது. கன்ட்ரோலர் டிஸ்க்கோடு ஒட்டிக்கொண்டது. இன்டர்லீவ் தலைவலி மெல்ல மறைந்தது. வேகப் போட்டி மதர்போர்டின் ஐடிஇ சிப்புக்கு இடம் மாறியது.

1995இல் இன்டெலின் ட்ரைடன் சிப்செட்டோடு வந்த பிஐஐஎக்ஸ் சிப், நொடிக்கு 16.6 மெகாபைட் வேகத்தில் கடத்தக்கூடியது. கடத்தும் முறை பிஐஓ மோட் 4 என்றாலும் மல்டிவேர்ட் டிஎம்ஏ மோட் 2 என்றாலும் காகிதத்தில் இதே எண்தான். ஆனால் பிஐஓவில் ஒவ்வொரு துண்டுத் தகவலையும் ப்ராசஸரே அள்ளிப்போட வேண்டும். டிஎம்ஏவில் சிப்பே நேராக நினைவகத்தில் சேர்த்துவிடும். ப்ராசஸர் வேறு வேலை பார்க்கலாம். பழைய போர்டுகளை ஒப்பிடும்போது வேகத்தோடு ப்ராசஸரின் சுமையையும் சேர்த்து அளப்பது இதனால்தான்.

அதே காலத்தில் 486, பென்டியம் போர்டுகள் பலவற்றில் ஆர்இசட்1000, சிஎம்டி640 என்ற ஐடிஇ சிப்புகள் இருந்தன. தகவலை முன்கூட்டியே எடுத்துவைக்கும் வசதி இவற்றில் உண்டு. அந்த வசதியே சில வேளைகளில் கோப்புகளைச் சத்தமில்லாமல் கெடுத்தது. லினக்ஸ் கெர்னலில் ஆர்இசட்1000ஐ அடையாளம் கண்டு குறையைச் சரிக்கட்டும் நிரல் சேர்க்கப்பட்டது. அதனால் வேகம் சில சதவீதம் குறையலாம் என்று அதன் விளக்கக் குறிப்பிலேயே எழுதியிருந்தார்கள்.