முக்கிளை நரம்பு வலி: அறுவைக்குப் பின் வலி திரும்புதல்

முக்கிளை நரம்பு வலி என்பது முகத்தின் ஒரு பக்கத்தில் திடீரெனப் பாய்ந்து, சில நொடிகளில் அடங்கி, மறுபடி மறுபடி தாக்கும் கொடிய வலி. மருத்துவமனைகளில் ட்ரைஜெமினல் நியூரால்ஜியா என்பார்கள். பெரும்பாலும் ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கே வருகிறது. நெய்வேலி நகரியத்தில் விடியற்காலை ஷிஃப்டுக்கு பைக்கில் கிளம்புகிறவருக்கு இந்நோய் இருந்தால், கன்னத்தில் படும் எதிர்காற்றே போதும், ஷாக் அடித்ததுபோல் துடித்துவிடுவார். பல் துலக்கினாலும் சோறு மென்றாலும் அதே கதைதான். சொத்தைப்பல் என்று நினைத்து நல்ல பல்லைப் பிடுங்கிக்கொண்டவர்களும் உண்டு. நடிகர் சல்மான் கான் இந்நோய்க்காக 2011-இல் அமெரிக்காவில் சிகிச்சை பெற்றார்.

மூளைத்தண்டை ஒட்டி நரம்பின் வேரை ஒரு ரத்தக்குழாய் அழுத்துவதே பலருக்குக் காரணம். ஓயாத துடிப்பில் நரம்பின் மேலுறை தேய்ந்துபோகிறது. கார்பமாசெபைன் மாத்திரை கைகொடுக்காதபோது, காதுக்குப் பின்னால் மண்டையோட்டில் சிறு திறப்பு போட்டு, குழாயை விலக்கி, இடையில் டெஃப்லான் துணுக்கு வைக்கிறார்கள். அமெரிக்க அறுவை நிபுணர் பீட்டர் ஜனெட்டா 1967-இல் இந்த அழுத்தத்தை விவரித்து, இம்முறையைப் பரப்பினார்.

வலி திரும்புமா என்ற கேள்விக்குப் பெரிய விடை அவருடைய குழுவிடமிருந்தே 1996-இல் வந்தது. இருபது ஆண்டுகளில் அறுவை செய்துகொண்ட 1,185 பேரின் கணக்கு அது. 30 விழுக்காட்டினருக்கு வலி திரும்பியது; பெரும்பாலும் முதல் 2 ஆண்டுகளுக்குள். பத்தாண்டு கழிந்தபின் ஆண்டுக்கு 1 விழுக்காட்டுக்கும் குறைவாகவே திரும்பியது.

நான்கு அடையாளங்கள் மீள்வலியை முன்கூட்டியே காட்டின. நோயாளி பெண்ணாக இருப்பது. 8 ஆண்டுகளுக்கு மேல் வலியைச் சுமந்திருப்பது. அழுத்துவது தமனியாக இல்லாமல் சிரையாக இருப்பது. அறுவை முடிந்த கையோடு வலி நிற்காதது.

அறுவைக்கு முன்பே எடைபோட மூன்று கேள்விகள் உதவும். வலி வெட்டிவெட்டி வருகிறதா, விடாமல் எரிகிறதா? கார்பமாசெபைனுக்கு நன்றாக அடங்கியதா? எம்.ஆர்.ஐ. படத்தில் தமனி நரம்பைத் தொடுகிறதா? வெட்டும் வலி, மாத்திரைக்கு அடங்குதல், தமனி அழுத்தம் மூன்றும் சேர்ந்தால் நிவாரணம் நீடிக்கும் வாய்ப்பு அதிகம். எரிச்சல் ஓயாமல் இருந்தாலோ, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு மண்டல நோய் இருந்தாலோ நம்பிக்கை குறைகிறது.

கன்னம் வழியாக ஊசி செலுத்தி நரம்பைச் சுடும் முறையும் காமா கதிர் சிகிச்சையும் மண்டையோட்டைத் திறக்காதவை. ஆனால் அவற்றில் வலி சீக்கிரம் திரும்புவது அதிகம். முகம் மரத்துப்போவதும் உண்டு.

நெய்வேலிக்காரர்கள் புதுச்சேரி ஜிப்மருக்கோ சென்னைக்கோ போவதானால், பழைய எம்.ஆர்.ஐ. படத்தையும், வலி தொடங்கிய ஆண்டையும், மாத்திரை கேட்ட விதத்தையும் குறித்து எடுத்துச் செல்வது நல்லது. மருத்துவர் முதலில் கேட்பது இவற்றைத்தான். வலி திரும்பினால் மீண்டும் மாத்திரை, புதிய எம்.ஆர்.ஐ., தேவைப்பட்டால் ஊசிமுறை அல்லது மறு அறுவை. ஜனெட்டா குழுவின் நோயாளிகளில் 11 விழுக்காட்டினர் இரண்டாம் முறையும் அறுவை செய்துகொண்டார்கள்.